பழம்பலகைக் குடில்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்கட்கு இன்றியமையாதன. இவற்றுள் முன்னைய இரண்டும் நாள்தோறும் தேடத்தக்கன. உறையுளோ ஒருமுறை தேடினால் வாழ்நாள் முழுவதும் நிற்பது. அங்ஙனம் நிற்பதனாலேயே மனிதன் அதன்பொருட்டுத் தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை விற்றுவிடுகின்றான். கடன் பெற்று வீடு கட்டுகின்றான். குடிபுகுந்த பின்னர் வட்டி கட்டுகின்றான். வட்டியும் முதலும் தீரும் காலத்தில் தலை நரைத்துவிடுகின்றது. வீடு அவனுக்கு உரியதா, அவன் வீட்டிற்கு உரியவனா என்று அறிவது அரிதாகின்றது.

பழைய பொருளைக் கொண்டு வீடு கட்டுதல் இழிவு என்னும் எண்ணமும் இக்கடன் பெருகுதற்கு ஒரு காரணம் ஆகும். மரம் புதிது, செங்கல் புதிது, கதவு புதிது என யாவும் புதியனவாகவே இருத்தல் வேண்டும் என்று விரும்புவோர் பலர். இடித்த வீட்டின் மரம் அடுப்பிற்கே உரியது என்பது அவர்தம் கருத்து. ஐம்பது ஆண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கி நின்ற மரம் இனியும் நிற்கும் என்பதற்கு, அது நின்றதனினும் பெரிய சான்று வேறு எது உளது? புதுமரத்தின் குணத்தை வருங்காலமே காட்டும்; பழமரத்தின் குணம் முன்பே வெளிப்பட்டுவிட்டது.

இவ்வுண்மையைச் சொல்லாற் கூறுவதோடு அமையாது செயலாற் காட்டியவர் ஹென்றி டேவிட் தோரோ என்பவர். இவர் 1817ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில், மாசாசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பென்சில் செய்து விற்கும் தொழிலினர். தோரோ ஹார்வர்டுக் கல்லூரியிற் பயின்று 1837ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். நேர்மையற்ற ஆட்சிக்கு அடிபணிதல் கடமையன்று என அவர் எழுதி 1849ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையைக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நாளில் படித்துப் போற்றினார். அவ்வகையில் நம் நாட்டார்க்கும் தோரோ அயலார் அல்லர். எனினும் ஈண்டு நோக்கத்தக்கது அக்கட்டுரை அன்று. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர் அவர் கட்டிய குடிலேயாகும்.

கான்கார்டு ஊருக்குத் தெற்கே ஒன்றரை மைல் தொலைவில் வால்டன் என்னும் பெயருடைய ஆழ்ந்த குளம் ஒன்று உண்டு. அதன் கரையில் இருந்த காட்டு நிலம் எமர்சன் என்னும் பேரறிஞருக்கு உரியது. அவர் தோரோவின் நண்பர். அந்நிலத்திற் குடியிருக்க நண்பரின் இசைவு பெற்ற தோரோ, 1845ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் கோடரி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு காட்டிற்குட் புகுந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. இரவற் கோடரியைத் திருப்பிக் கொடுத்தபோது, வாங்கிய நாளினும் கூர்மையாக்கிக் கொடுத்ததாக அவரே எழுதியுள்ளார். இரவல் வாங்குவோர் யாவரும் இதனை அறிந்திருப்பின் இரவல் கொடுப்போர் தொகை பெருகியிருக்கும்!

நெடிது வளர்ந்த பைன் மரங்களை வெட்டி அவர் சட்டத்திற்கு வேண்டிய மரங்களைச் செதுக்கினார். தலைமையான உத்தரங்களை ஆறு அங்குலச் சதுரமாகச் செதுக்கினார். சுவரில் நிற்கும் கால்களை இரண்டு பக்கம் மட்டுமே செதுக்கினார். கூரைக் கைகளையும் தளத்தின் கீழ்க்கிடக்கும் மரங்களையும் ஒரு பக்கம் மட்டுமே செதுக்கி, மற்றப் பக்கங்களில் பட்டையை உரிக்காது விட்டார். இதனைச் சோம்பல் என்று கருதுதல் பிழை. பலகை பொருந்தும் பக்கம் தட்டையாக இருத்தல் வேண்டும். பிற பக்கங்களைச் செதுக்குவதால் உழைப்பு வீணாவதோடு மரத்தின் பருமனும் குறையும். ஒருநாள் கோடரியின் தலை கழன்றுபோயிற்று. பச்சை மரத்தில் ஆப்புச் செதுக்கி அடித்து, கோடரியைக் குளத்து நீரில் ஊறவைத்தார். ஊறிய மரம் பருத்துத் தலையை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆணியும் பசையும் வாங்கக் கடைக்குச் செல்ல வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

சட்டம் ஒருவாறு அமைந்தது. பலகைக்கு என் செய்வது? அந்நாளில் ஃபிட்ச்பர்கு இருப்புப்பாதை அக்குளத்தின் அருகே புதிதாக அமைக்கப்பட்டிருந்தது. அவ்வேலையின் பொருட்டு அயர்லாந்து நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ஆங்காங்கே குடிசை கட்டி வாழ்ந்தனர். அவருள் ஒருவர் ஜேம்ஸ் காலின்ஸ். அவர் குடிசை நல்ல குடிசையெனப் பெயர் பெற்றது. அதனை விலைக்கு வாங்கத் தோரோ சென்றார். சுற்றிலும் ஐந்தடி உயரத்திற்கு மண் குவிக்கப்பட்டிருந்தது. வாயிலின் கீழே கோழிகள் போய்வருவதற்கு எந்நாளும் வழி இருந்தது. உள்ளே இருள், தளம் பெரும்பாலும் வெறுமண், அது ஈரமும் குளிரும் உடையது. காலின்சின் மனைவியார் விளக்கேற்றிக் கூரையையும் சுவர்களையும் காட்டினார். பலகைகள் நல்லன என்று எடுத்துரைத்தார். தோரோ ஒவ்வொரு பலகையாக நோக்கினார். கழற்றினால் நிலைக்காது நொறுங்கிவிடும் என்பனவும் சில இருந்தன. வீட்டில் ஓர் அடுப்பும், ஒரு கட்டிலும், பொன்முலாம் பூசிய சட்டத்திற் பதித்த கண்ணாடியும், பட்டுக்குடையும், புதிய காப்பி அரைக்கும் பொறியும் இருந்தன. அவ்வீட்டிலேயே பிறந்த ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

விலை 4 டாலர் 25 சென்ட் எனப் பேசி முடித்தனர். அன்று இரவே பணம் தருதல் வேண்டும். மறுநாட் காலை ஐந்து மணிக்குக் காலின்ஸ் வீட்டை விட்டு நீங்குவார். காலந்தாழ்த்தாது வந்து வீட்டைக் கைக்கொள்ளுதல் நலம் என்று காலின்ஸ் அறிவுறுத்தினார். ஏனெனில் நிலவாடகை என்றும் விறகுக்குரிய பணம் என்றும் முறையற்ற வழக்குக் கொண்டு எவரேனும் வரக்கூடும் என்பது அவர் அச்சம். மறுநாள் ஆறு மணிக்குத் தோரோ வழியில் அக்குடும்பத்தைக் கண்டார். கட்டில், காப்பிப் பொறி, கண்ணாடி, கோழிகள் என அவர்தம் உடைமை யாவும் ஒரே மூட்டையில் அடங்கிவிட்டன. பூனை மட்டும் உடன்செல்லவில்லை. அது காட்டிற்குட் சென்று காட்டுப்பூனையாகி, வேறு விலங்குக்கு வைத்த பொறியில் அகப்பட்டு இறந்தது என்று தோரோ எழுதியுள்ளார். பூனையின் முடிவைக் கூறிய அவர், குடும்பம் எங்குச் சென்றது என்று கூறவில்லை.

அன்று காலையிலேயே அவர் ஆணிகளைப் பிடுங்கிக் குடிசையைப் பிரித்தார். பலகைகளைச் சிறு வண்டியிற் பலமுறை ஏற்றிக் குளக்கரைக்குக் கொண்டுசென்று, புல்லின்மேற் பரப்பினார். வெயிலில் கறை வெளுத்தது. கோணியிருந்த பலகைகள் பெரும்பாலும் நேராயின. பழைய பலகையைப் புதுப்பிக்கும் பட்டறை கதிரவனே போலும்! அவர் வண்டியோடு போன இடைநேரங்களில் அயலார் ஒருவர், இன்னும் நேராக இருந்த ஆணிகளைப் பொறுக்கித் தம் பையில் இட்டுக்கொண்டார். இதனைப் பிறர் சொல்லத் தோரோ அறிந்தார். இஃது எளிய செய்தி போலத் தோன்றினும், பின்னர் வரும் கணக்கில் இதன் பயன் விளங்கும்.

மே மாதத் தொடக்கத்தில் நண்பர் சிலர் துணையோடு வீட்டின் சட்டத்தை நிமிர்த்தி நிறுத்தினார். துணை தேவைப்பட்டதனால் அன்று, நட்பு வளர்தற்பொருட்டே அவர்களை அழைத்ததாக அவர் கூறுவர். இவ்விடத்தில் அவர் சொல்லை அப்படியே கொள்ளுதல் அரிது. ஆறு அங்குல உத்தரங்களைப் பூட்டிய சட்டத்தைத் தனியொருவர் தூக்கி நிறுத்துதல் எளிதன்று. ஜூலை 4ஆம் நாள், பலகையும் கூரையும் அமைந்தவுடன், குடிபுகுந்தார். புகைபோக்கியின் அடித்தளத்திற்கு வேண்டிய கற்களைக் குளத்திலிருந்து கைகளாலேயே சுமந்து மேட்டிற்கு ஏற்றினார். பழைய செங்கற்களில் ஒட்டியிருந்த காரையைக் கொல்லூற்றுக் கரண்டியாற் சுரண்டி நீக்கிப் புகைபோக்கி கட்டினார். அக்காரை ஐம்பது ஆண்டுப் பழமை உடையது. குளிர்காலம் வருமுன் சுவரின் உட்புறத்திற்குச் சுண்ணச்சாந்து பூசினார். சாந்தில் விலங்கின் மயிரைக் கலந்தார். நம் நாட்டில் கடுக்காய் நீர் சேர்ப்பது போல, சாந்து உறுதிபெற அந்நாட்டார் கண்ட முறை அது.

முற்றுப்பெற்ற குடில் பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உடையது. மேலே ஒரு பரண், இரு பக்கமும் ஒவ்வொரு பெரிய சாளரம், ஒரு கோடியில் வாயில், மறுகோடியில் அடுப்பு. தளத்தின் கீழே உருளைக்கிழங்கு சேமிக்க ஆறடிச் சதுரமும் ஏழடி ஆழமும் உள்ள நிலவறை. இவ்வளவிற்கும் செலவு 28 டாலர் 12½ சென்ட். அரைச் சென்ட்டையும் விடாது அவர் கணக்கு எழுதியுள்ளமை பாராட்டத்தக்கது. பலகைக்கு 8 டாலர் 3½ சென்ட். அதிற் பெரும்பகுதி காலின்சின் குடிசைப் பலகை. கூரைக்கும் சுவருக்கும் பிறர் ஒதுக்கிய மர ஓடுகள் 4 டாலர். ஆயிரம் பழைய செங்கல் 4 டாலர். கண்ணாடியுடன் கூடிய இரண்டு பழைய சாளரங்கள் 2 டாலர் 43 சென்ட். சுண்ணாம்பு 2 டாலர் 40 சென்ட்; அது மிகுதி என்று அவரே குறைகூறுகின்றார். மயிர் 31 சென்ட். அது தேவைக்கு மேற்பட்டது என்பதையும் மறைக்கவில்லை. கோடு இடும் சுண்ணக்கட்டி ஒரு சென்ட். ஆணிக்கோ 3 டாலர் 90 சென்ட்! ஒரு குடும்பம் வாழ்ந்த குடிசை முழுவதும் 4 டாலர் 25 சென்ட். ஆணி மட்டும் ஏறக்குறைய அவ்விலை. அயலார் பையிற் போன பழைய ஆணிகளின் மதிப்பு இப்போது விளங்கும்.

அந்நாளில் அப்பகுதியில் ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 800 டாலர் என்றும், நாட்கூலி ஒரு டாலர் என்றும், குடும்பச் சுமை இல்லாத தொழிலாளிக்கும் அவ்வளவு பொருள் சேர்க்கப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்றும் தோரோ கணக்கிட்டார். அவர் பயின்ற கல்லூரியில் மாணவர் ஓர் அறைக்கு ஆண்டுதோறும் தந்த வாடகை 30 டாலர். ஓராண்டு வாடகையினும் குறைந்த பொருளில் அவர் வாழ்நாளுக்கு ஒரு வீடு பெற்றுவிட்டார்.

அவ்வீட்டிற்குக் கம்பிவழி வரும் ஒளியும் இல்லை. குழாய்வழி வரும் நீரும் இல்லை. அக்காலத்தில் பெரும்பாலான ஊர்களில் இவை பரவவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஊரில் வாழ்ந்தோர்க்குக் கிணறும் கடையும் அயலாரும் அருகில் இருந்தமை போல அவருக்கு இல்லை. கோடையிற் குளமே கிணறு. குளிர்காலத்தில் ஓரடிப் பனியை அகற்றி, ஓரடிப் பனிக்கட்டியை வெட்டித் திறந்து நீர் முகந்தார். உழுத நிலத்திலிருந்து தோண்டிய பழைய அடிமரக் கட்டைகள் விறகாயின. வெட்டும்போது ஒருமுறையும் எரிக்கும்போது ஒருமுறையுமாக அவை இருமுறை வெப்பம் தரும் என்பது அவர் கண்ட வேடிக்கை. வீட்டிற்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, எழுதும் சாய்மேசை, மூன்று நாற்காலிகள், சில பாத்திரங்கள், ஒரு விளக்கு ஆகியன இருந்தன. அழகிற்காக மேசைமேல் மூன்று சுண்ணாம்புக் கற்களை வைத்திருந்தார். நாள்தோறும் அவற்றின் தூசியைத் துடைக்க வேண்டியிருந்தமை கண்டு, மனத்தின் தூசியே துடைக்கப்படாமல் இருக்கையில் இது எதற்கு என்று அவற்றைச் சாளரத்தின் வழியே எறிந்துவிட்டார். கம்பியும் குழாயும் இல்லாத வாழ்வு எளிது என்று எண்ணுவோர் பனிக்கட்டியை வெட்டிய கோடரியை மறத்தல் ஆகாது. பணச் செலவு குறைந்த இடத்தில் உடலுழைப்பு மிகும்.

தோரோவின் கணக்கிற் குறை உண்டு என்பார் சிலர். நிலத்திற்கு வாடகை இல்லை, காட்டு மரத்திற்கும் கல்லுக்கும் மணலுக்கும் விலை இல்லை, தம் கூலியை அவர் சேர்க்கவில்லை, கோடரி இரவல், தோள்கொடுத்தோர் நண்பர். ஊருக்குட் சென்று உறவினர் வீட்டில் உண்டதும் உண்டு. இவை யாவும் மெய்யே. ஆனால் இவற்றை உலகம் அறிந்தது எங்ஙனம்? இவற்றிற் பெரும்பாலானவற்றை 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அவரே எழுதி வைத்துள்ளார். கணக்கை மறைக்காதவரைக் கணக்குக் காட்டியே குறைகூறுதல் எளிது. ஆகவே இக்குறை பெரிதன்று.

பெரிய குறை வேறொன்று. அதே பலகைகள் காலின்சின் கையில் இருந்தபோது ஈரம் கசியும் குடிசை. தோரோவின் கைக்கு வந்தபின் உலகம் புகழும் குடில். பலகை மாறவில்லை. மாறியது யாது? தோரோ கற்றவர், கைத்தொழில் அறிந்தவர், தனியர். நிலத்திற்கு உரியவர் அவருடைய நண்பர். ஆதலின் நிலவாடகை கேட்டு எவரும் அவர் வாயிலுக்கு வாரார். காலின்ஸோ நிலவாடகைக்கு அஞ்சி, விடியற்காலத்தில், கைக்குழந்தையோடு வெளியேறியவர். பலகையை வெயிலில் உலர்த்தி நேராக்க அவரும் அறியாதவர் அல்லர் என்று கொள்ளலாம். இருப்புப்பாதை வேலை அவருக்கு அவ்வோய்வைத் தரவில்லை. தோரோ சொன்ன நாட்கூலியைக் கொண்டு அளந்தால், காலின்ஸ் தம் வீட்டிற்குப் பெற்ற விலை நான்கு நாட்கூலிக்குச் சிறிது மேற்பட்டது. தாம் விரும்பி ஏற்ற எளிமையும் தம்மேல் வந்து விழுந்த வறுமையும் ஒரே கூரையின் கீழ், ஒன்றன்பின் ஒன்றாகக் குடியிருந்தன. அவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பெரும்பிழை.

தோரோ அக்குடும்பத்தை ஏமாற்றினார் என்று கூறுதல் முறையன்று. பேசிய விலையைப் பேசிய இரவிற் கொடுத்தார். அவர் நூலைக் கையில் ஏந்தி, இருபத்தெட்டு டாலரில் ஒருவர் வீடு கட்டினாரே, ஏழைகட்கு வேறு வீடு எதற்கு என்று கேட்போர் உண்டாயின், அக்கேள்வியே முறையற்றது. மனைவியும் மக்களும் உடையவர்க்குப் பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் போதா. சொந்த நிலம் இல்லாதவர்க்குச் சிக்கனம் மட்டும் வீடு தராது. இனி, வீடு கட்ட வல்லவராயிருந்தும் புதுமையை வேண்டிக் கடனில் மூழ்குவோர்க்கோ அந்நூல் நன்மருந்து. யார்க்கு எம்மருந்து என்று அறியாது கொடுத்தால் மருந்தும் நஞ்சாகும்.

பழையன எல்லாம் கொள்ளத்தக்கன என்பதும் இல்லை. தோரோ நொறுங்கும் பலகையை விட்டுவிட்டார். செங்கல்லின் காரையைச் சுரண்டினார். ஒதுக்கிய மர ஓடுகளின் ஓரத்தை இழைப்புளியால் நேராக்கினார். இக்காலத்தில் பழம்பொருள் கொள்வோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். பழைய கல்நார்த் தகட்டை உடைத்தால் எழும் தூசி நுரையீரலிற் கொடுநோய் விளைக்கும். ஈயம் கலந்த பழைய வண்ணத்தைச் சுரண்டினால் அத்தூசி குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும். இவற்றை அந்நாளில் பலர் அறிந்திலர். விளக்கை உயர்த்திப் பலகை பலகையாக நோக்கும் அக்கண்ணே பழம்பொருளாற் கட்டுவோர்க்கு முதற்கருவி.

தோரோ 1847ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் குடிலை விட்டு ஊருக்குத் திரும்பினார். அவர் அங்கு வாழ்ந்தது இரண்டு ஆண்டு, இரண்டு திங்கள், இரண்டு நாள். குடில் எமர்சனுக்கும், அவர்வழித் தோட்டக்காரருக்கும் சென்றது. பின்னர் உழவர் அதனை வாங்கி, இடம்பெயர்த்துத் தம் நிலத்தில் நிறுத்தித் தானியக் களஞ்சியம் ஆக்கினர். 1868ஆம் ஆண்டில் அதனைப் பிரித்துக் கூரையை வேறொரு கொட்டகையின்மேல் அமைத்தனர். குடில் நின்ற இடமும் மறைந்துபோயிற்று. 1945ஆம் ஆண்டில், அவர் குடிபுகுந்து நூறு ஆண்டுகள் நிரம்பியபோது, ராபின்ஸ் என்பவர் குளக்கரையை அகழ்ந்து, அவர் கைகளாற் சுமந்த கற்களாலாகிய புகைபோக்கியின் அடித்தளத்தைக் கண்டார். காலின்சின் குழந்தை பிறந்த வீட்டுப் பலகைகளோ அதற்கு நெடுநாள் முன்னரே, வேறு எவரோ பிடுங்கிய ஆணிகளோடு, வேறு சுவர்களைத் தேடிப் போயிருந்தன.